கோட்டு போட்ட தாய்மாமன்

தனியாக இருக்கும்போது ஒரு மனிதன் தன் முகத்தை எவ்வளவு நேரம் பார்ப்பான் என்பது அவனுக்கும் கண்ணாடிக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். என் விஷயத்தில் அது மூன்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. பரவையிலோ திருவாதவூரிலோ திருமங்கலத்திலோ எங்கள் சொந்தக்காரர் யார் வீட்டிலாவது போய், “முத்துக்குமாரைத் தெரியுமா?” என்று கேட்டுப் பாருங்கள். “யாரு, விடிவெள்ளியா?” என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பெயர் வந்த கதையை நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும்.

எங்கள் பக்கம் விசேஷம் என்றால், பந்தல்கால் நடுகிறார்களோ இல்லையோ, ஃப்ளெக்ஸ் பேனருக்குச் சொல்லிவிடுவார்கள். பேனரில் யார் முகம் எங்கே இருக்கிறது, எம்புட்டுப் பெரிதாக இருக்கிறது என்பதை வைத்தே யார் யாருக்கு எவ்வளவு வேண்டப்பட்டவர் என்று சொல்லிவிடலாம். பத்திரிகையில் பேர் விட்டுப்போனால் கூடச் சமாதானம் சொல்லலாம். பேனரில் முகம் விட்டுப்போனால் சமாதானமே கிடையாது.

எங்கள் அண்ணன் பாண்டிக்கு அதுதான் நடந்தது. அப்பா இல்லாத வீட்டில் அக்கா கல்யாணத்தை இழுத்துப்போட்டு நடத்தியவர் அவர்தான். மண்டபம், சமையல், வாழை மரம் எல்லாவற்றுக்கும் அவர்தான் அலைந்தார். ஆனால் மண்டப வாசலில் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் ஒரு பேனர் வைத்தார்கள். அதில் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் அத்தனை பேரும் இருந்தார்கள். மாப்பிள்ளை வளர்த்த ஜல்லிக்கட்டுக் காளையும் நட்டநடுவில் மாலையோடு நின்றது. அண்ணன் மட்டும் இல்லை. வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. அவசரத்தில் விட்டுப்போய்விட்டது. அண்ணன் அதை மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை பார்த்தார்.

“மாட்டுக்கு இருக்குற எடம் எனக்கு இல்ல. சரிய்யா” என்றார். தாலி கட்டி முடிந்ததும் ஒரு வாய் சாப்பிடாமல் திருமங்கலத்துக்குப் பஸ் ஏறிவிட்டார்.

அதற்குப் பிறகு அக்கா வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை. அக்காவுக்கு யாழினி பிறந்தாள். அப்போதும் வரவில்லை. யாழினிக்குக் காது குத்த நாள் குறித்தபோதுதான் பிரச்சினை முற்றியது. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். மூத்த மாமன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இளைய மாமன் மடியில் உட்கார வைத்தால் ஊர் என்ன பேசும்? (அந்த இளைய மாமன் நான்தான். என் மடியை யாரும் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.)

“அண்ணன் மடியில ஒக்காந்தாத்தான் குத்துவேன். இல்லாட்டி எம்புள்ள மூளிக்காதோட திரியட்டும்” என்று சொல்லிவிட்டாள் அக்கா.

அம்மா, அண்ணன் மனைவியான எங்கள் மதினிக்குப் போன் போட்டார். அண்ணனின் பதிலை மதினி படித்து ஒப்பிப்பது போலச் சொன்னார்: “எம் போட்டோவ அந்த பேனர்ல வச்சா ஊரறியக் கிழிச்சுப் போடுவேன்னு சொல்லச் சொன்னாரு அத்த.” பின்னால், “சத்தமாச் சொல்லு” என்று ஒரு குரல் கேட்டதாக அம்மா சொன்னார்.

ஆக, போட்டோ வைத்தால் கிழிப்பார். வைக்காவிட்டால் பழைய அவமானம் இரண்டாம் தடவையும் உறுதியாகிவிடும். அந்த பேனரைச் செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. படித்து முடித்த கையோடு கொஞ்ச நாள் நான் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அதனால் குடும்பத்தில் யாருக்கு எந்த முகம் வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள்.

அம்மா விசேஷ வேலைக்காகப் பரவையில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். நான் மதுரையில் எங்கள் வீட்டில் தனியாக இருந்தேன். சாயங்காலம் குடும்பக் குரூப்பில் வீடியோ கால் போட்டு, லேப்டாப் திரையை அப்படியே எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஷேர் செய்து, பேனரைக் காட்டினேன். பரவையிலிருந்து அக்காவும் அம்மாவும். திருவாதவூரிலிருந்து சித்தப்பாவும் சித்தியும். (சித்தப்பா போனை எப்படிப் பிடிப்பாரோ, எந்த வீடியோ காலிலும் அவர் வீட்டு மின்விசிறிதான் தெரியும்.) திருமங்கலத்திலிருந்து மதினி மட்டும். அண்ணன் வீட்டில் இல்லை என்றார்.

காட்டியதுதான் தாமதம், எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

“டேய், பிள்ளைய இன்னும் பெருசா வையி!”

“எங்கடா என் வாட்ச்சு தெரியவே இல்ல?” என்றது மின்விசிறி.

“ஏம்ப்பா, என்னைய ஏன் இம்புட்டு கருப்பா போட்டுருக்க?” என்றார் சித்தி.

காது வலித்தது. ஸ்பீக்கர் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியில், “சரி, எல்லாத்தையும் சரி பண்ணிட்டு கடைக்கு அனுப்பிடுறேன். வச்சுரவா?” என்று கும்பிடு போட்டுவிட்டு வீடியோ காலைத் துண்டித்தேன்.

துண்டித்தேன் என்று நினைத்தேன். உண்மையில் கால் ஓடிய விண்டோவைத் திரையின் அடியில் இறக்கி மட்டும் விட்டிருக்கிறேன். கால் ஓடிக்கொண்டே இருந்தது. என் திரை மூன்று ஊர்களில் ஓடிக்கொண்டிருந்தது. மைக்கும் திறந்திருந்தது. சத்தத்தைக் குறைத்து வைத்திருந்ததால் அவர்கள் கூப்பிட்டது மட்டும் எனக்குக் கேட்கவில்லை. முதலில் எல்லோரும், “டேய், தெரியுதுடா!” என்று கத்தினார்களாம். பிறகு நான் செய்வதைப் பார்த்துவிட்டு, “சும்மா இருங்க, என்னதான் பண்ணுறான்னு பாப்போம்” என்று சித்திதான் அடக்கினாராம். அந்நேரத்துக்கு வரும் சீரியலைக்கூட அணைத்துவிட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

நான் முதலில் சித்தப்பாவின் தொந்தியைக் கையில் எடுத்தேன். “சித்தப்பு, நீ சோத்தக் கொறைக்கப் போறதில்ல. நானாச்சும் கொறைக்கிறேன்” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இரண்டு பக்கமும் செதுக்கினேன். சித்திக்கு ஒரு சுற்று வெள்ளையடித்தேன். அதோடு விட்டிருந்தால் எனக்கு ஒரு குறையும் வந்திருக்காது.

பிறகு என் முகத்துக்கு வந்தேன்.

என் தலைமுடி அப்போதே பின்வாங்க ஆரம்பித்திருந்தது. திரை முழுக்க என் நெற்றியைப் பெரிதாக்கி, ஒவ்வொரு முடியாக நட்டேன். (வயலில் நாற்று நடுபவர்கள் கூட அவ்வளவு நிதானமாக நட்டிருக்க மாட்டார்கள்.) கன்னத்தில் இருந்த பரு வடுவைத் துடைத்தேன். மூக்கைக் கொஞ்சம் ஒடுக்கினேன். சட்டை சாதாரணமாக இருப்பதாகப் பட்டது. இணையத்தில் தேடி, நீலக் கோட்டு போட்ட யாரோ ஒருவரின் உடம்பை எடுத்து, என் தலையை அதன் மேல் பொருத்தினேன். கழுத்து சேரவில்லை. தலையை இப்படியும் அப்படியும் திருகித் திருகிச் சேர்த்தேன். காது குத்துக்கு வந்த தாய்மாமன் மாதிரி இல்லை, பாங்கியில் கடன் தர மறுக்கும் மேனேஜர் மாதிரி இருந்தேன். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அடுத்து பட்டப்பெயர். “பாசமிகு தாய்மாமன்” என்று அடித்தேன். எல்லோரும் போடுவது. அழித்தேன். “மாமதுரையின் மாணிக்கம்.” கொஞ்சம் அடக்கமாக இருந்தது. அழித்தேன். பிறகு தங்க நிறத்தில், என் தலையைவிடப் பெரிய எழுத்தில், “தென்னாட்டின் விடிவெள்ளி” என்று அடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தேன். “மாப்ள, சூப்பருடா” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் மூன்று ஊர்களிலும் தெளிவாகக் கேட்டது. சித்தப்பா சிரித்துச் சிரித்துப் புரையேறி, சித்தி அவர் உச்சியில் தட்டிக்கொண்டிருந்தாராம்.

இவ்வளவு கூத்துக்குப் பிறகு முழு பேனரையும் ஒரு தடவை பார்த்தேன். மேல் வரிசையில் என் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கே பூங்கொத்து வைத்து நிரப்புவதாகத்தான் ஏற்பாடு. நான் பூங்கொத்தைத் தேடவில்லை. ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. லேப்டாப்பில் இருந்த பழைய போட்டோக்களைத் திறந்தேன்.

அண்ணன் போட்டோவுக்கு நிற்கிற ஆள் இல்லை. கிடைத்தது ஒன்றே ஒன்றுதான். அக்கா கல்யாணத்துக்கு முதல் நாள் எடுத்தது. பனியனும் தலையில் துண்டுமாக, கையில் சாம்பார் வாளியோடு, யாரையோ அதட்டிக்கொண்டிருக்கிறார். அதை எடுத்துக்கொண்டேன். வாளியை வெட்டினேன். துண்டை எடுத்தேன். பனியனோடு பேனரில் நிற்க வைக்க மனசு வரவில்லை. என் உடம்பிலிருந்து நீலக் கோட்டைக் கழற்றி அண்ணனுக்குப் போட்டுவிட்டேன். கழுத்து அவருக்கு ஒரே தடவையில் சேர்ந்தது. நான் பழைய சட்டைக்குத் திரும்பினேன். விடிவெள்ளியையும் அழித்தேன். என்னைக் கொஞ்சம் சின்னதாக்கி ஓரமாகத் தள்ளி, அண்ணனை யாழினிக்கு மேலே, நேராக வைத்தேன்.

பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“இப்படி இருந்தா எம்புட்டு நல்லா இருக்கும்ணே. ஒன்ன விட்டுட்டு ஒரு விசேஷமா?” என்று அந்தப் போட்டோவைப் பார்த்துக் கேட்டேன். வீட்டில் யாரும் இல்லாததால் கண்ணைக் கூடத் துடைக்கவில்லை.

ஆனால் அவர் கிழித்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாரே. விசேஷ வீட்டில் பேனரைக் கிழித்தால் அக்கா தாங்கமாட்டாள். போட்டோவைத் தொட்டேன், அழித்தேன். மறுபடி காலி இடம்.

பரவையில் அக்கா, “அய்யோ, எடுத்துட்டான்மா” என்று அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதாளாம்.

அப்போது மேசையில் இருந்த என் செல்போன் அடித்தது. ‘அண்ணன்’ என்று வந்தது. அக்காவைப் பார்க்கப் போகிறவன் என்று என்னிடமும் பேச்சை நிறுத்தியிருந்தவர். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து எடுத்தேன்.

“அண்ணே?”

மறுமுனையில் ஒரு செருமல்.

“டேய், அந்தப் போட்டோவ வைக்காத. அதுல கண்ண மூடிருக்கேன். வேட்டி சட்டையில ஒண்ணு ஒம் மதினி அனுப்புவா. அத வையி.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “எந்தப் போட்டோண்ணே? ஒனக்கு எப்படித் தெரியும்?”

“ஊருக்கே தெரியுதுடா கூறுகெட்டவனே. அந்தக் கீழ கெடக்குற கால மொதல்ல மேல எடுத்துப் பாரு.”

எடுத்துப் பார்த்தேன். அக்காவும் அம்மாவும் அழுதுகொண்டிருந்தார்கள். திருவாதவூர் மின்விசிறிக்குக் கீழே முதன்முறையாகச் சித்தப்பாவின் முகம் தெரிந்தது. திருமங்கலத்துச் சதுரத்தில், வீட்டிலேயே இல்லாத அண்ணன், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். முதலில் அவர் ரிப்பேராகாத மிக்ஸியைக் கழற்றுவது போலப் பாவனை செய்தாராம். விடிவெள்ளி வந்ததும் மிக்ஸியை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டார் என்று மதினி பிறகு சொன்னார்.

பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். பிளக்கவில்லை. சத்தத்தை மட்டும் கூட்டினேன்.

“அண்ணே, வாரியா?” என்று அக்கா கேட்டாள்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மாமன் இல்லாம காது குத்துவீகளோ? வாரேன். ஆனா எந்தல அவன் தலைய விட ஒரு சுத்து பெருசா இருக்கணும். அந்த மாட்டுக்கு எடம் கெடையாது. அம்புட்டுத்தான்.”

சொன்னபடி வந்தார். மேளம் முழங்க, தட்டுத் தட்டாகச் சீர் வரிசையோடு, இரண்டு கிடாயோடு வந்தார். அக்காவின் கணவரான மச்சான் வாசலுக்கே ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். யாழினி அந்த மடியில் உட்கார்ந்து, காதில் ஊசி பட்டதும் மாமன் மீசையைப் பிடித்துத் தொங்கினாள். மாமன் கண்ணிலும் தண்ணீர். மீசை வலி என்று சொன்னார். பந்தியில் அக்கா பக்கத்திலேயே நின்று பரிமாறினாள். கல்யாணத்தன்று விட்ட சாப்பாட்டையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

எல்லாம் முடிந்ததும் அண்ணன் எழுந்து, சமையல்காரரிடம் ஒரு கத்தியை வாங்கிக்கொண்டு பேனரை நோக்கிப் போனார். அக்கா பதறிப் பின்னாலேயே ஓடினாள்.

“ஊரறியக் கிழிப்பேன்னு சொன்னேன்ல? சொன்ன சொல்லக் காப்பாத்த வேணாமா?” என்றார். யாழினி, அக்கா, அவர், ஓரத்தில் நான். இந்த நான்கு பேரும் இருந்த பாகத்தை மட்டும், ஒரு பிசிறு இல்லாமல் அறுத்தெடுத்து, பாய் மாதிரி சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அது இன்றைக்கும் திருமங்கலத்தில் அவருடைய மாட்டுக்கொட்டகைச் சுவரில் இருக்கிறது. எந்தப் பக்கம் வெயில் அடித்தாலும் அவர் அதைத்தான் முதலில் நிழலுக்கு மாற்றுவார். இப்போதும் குடும்பத்தில் யார் வீடியோ கால் பேசி முடித்தாலும், “விடிவெள்ளி, நல்லா மூடிட்டியா?” என்று நாலு பக்கமிருந்தும் கேட்பார்கள். நான் கோபித்துக்கொள்வது போல நடிப்பேன். உள்ளுக்குள் அன்றைக்கு ஒழுங்காக மூடாமல் விட்ட கைக்கு நன்றி சொல்லிக்கொள்வேன். மூடியிருந்தால் அந்த இடத்தில் பூங்கொத்துதான் இருந்திருக்கும்.

போன பொங்கலுக்கு அங்கே போயிருந்தேன். என் தலையில் இப்போது பேருக்குக்கூட ஒரு முடி இல்லை. அண்ணன் என் தலையையும் சுவரில் இருந்த பேனரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “கவலப்படாத தம்பி. நீ நட்டதுல ஒண்ணு கூடக் கொட்டல. நாந்தான் பத்திரமா வச்சுருக்கேன்ல” என்றார்.