சுவரில் மிச்சமிருக்கும் ஒரே ஆணி

அன்பு மைத்துனனுக்கு, உன் அத்தான் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். 'சாவி எங்கே, சாவி எங்கே' என்ற உன் பாட்டு இந்த வாரமும் பட்டியலில் முதலிடம் என்பதை எதிர்வீடு, பக்கத்து வீடு, மாடிவீடு மூன்றும் ஒரே நேரத்தில் எனக்குத் தெரிவித்துக்கொண்டிருக்கின்றன. மகிழ்ச்சி. இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பாட்டை ஒரு வாரத்துக்கு நிறுத்தித் தொலை.

கோபப்படாதே. இசைக் கழக மண்டபத்தில், காலத்தை வென்றவர்களின் படங்கள் மாட்டிய சுவர் இருக்கிறதல்லவா, அதில் ஒரே ஒரு ஆணிதான் பாக்கி. இன்னொன்று அடித்தால் சுவரே கையோடு வந்துவிடும் என்று கொத்தனார் சொல்லிவிட்டார். அந்த ஆணிக்கு என் 'மௌனத்தின் மறுகரை' இசைப்படைப்பைப் பரிசீலிக்கிறார்கள். நான் தலை நிறைய முடியோடு எழுத ஆரம்பித்து வழுக்கையோடு முடித்தேனே, அதேதான். எனக்கு இல்லையென்றால் அங்கே தீயணைப்புக் கருவியை மாட்டுவார்களாம். பட்டியலில் எத்தனையாவது இடம் என்றெல்லாம் கழகம் கேட்காது. அவர்கள் விதியே வேறு. உறவினர் அல்லாத ஒருவர், யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஏதாவது வேலைக்கு நடுவே அந்த இசையைத் தன்னை மறந்து முணுமுணுக்க வேண்டும். அதைக் காதால் கேட்டு உறுதிசெய்ய ஓர் அதிகாரி தெருத்தெருவாக வருவார். முணுமுணுப்பார் என்றுதான் அவரை எல்லாரும் கூப்பிடுகிறார்கள்.

யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பதால் நான் முடிதிருத்துகிறவருக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லிக்கொடுத்தேன். மனிதர் நன்றாகத்தான் ஆரம்பித்தார், முணுமுணுப்பாரும் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார், ஆனால் என் இசையில் ஒரு நீண்ட மௌனம் வருமே, அறிஞர்கள் கண்ணை மூடிக்கொள்ளும் இடம், அங்கே வந்ததும் அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை, காலியிடம்தானே என்று உன் சாவியைக் கொண்டுவந்து நுழைத்துவிட்டார், நுழைத்ததோடு கத்தியும் அந்தத் தாளத்துக்கு ஆட, நாற்காலியில் இருந்த வங்கி மேலாளருக்கு மீசை பாதிதான் மிஞ்சியது. சரி, கத்தி இல்லாத இடமாகப் போவோம் என்று பல் மருத்துவரைப் பிடித்தேன், அவர் தன் நோயாளி பாடினால் போதுமா என்றார், போதும் என்றேன், வாயைத் திறந்து வைத்திருப்பவன் எப்படியப்பா முணுமுணுப்பான், எனக்குத்தான் தோன்றவில்லை என்றால் படித்த அந்த மருத்துவருக்குமா தோன்றவில்லை, அந்த ஆள் போட்ட கூச்சலை 'நவீன பாணியோ' என்று முணுமுணுப்பார் என்னிடமே சந்தேகம் கேட்கிறார்!

போகட்டும் என்று அவரை மடக்கி நியாயம் கேட்டேன். "ஐயா, சாவிப் பாட்டை அடுத்த வருஷம் ஒரு நாய் சீந்தாது. என்னுடையது தலைமுறை தாண்டி நிக்கும்"னு அடிச்சுச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மறந்துபோறதுக்கே முதல்ல தெரிஞ்சிருக்கணுமே சார். உங்களுது இன்னும் அந்தக் கட்டத்துக்கே வரலையே"ன்னார். சொல்லிட்டு வண்டிக்குப் போனவர் சட்டைப் பையைத் தடவிக்கிட்டே என்ன பாடினார் தெரியுமா? உன் பாட்டு! அதிகாரியே இப்படின்னா நான் எங்கே போய் முட்டிக்கிறது?

வீட்டிலாவது ஆறுதல் உண்டா என்றால் அதுவும் இல்லை. இவ்வளவு நடக்கிறது, உன் அக்கா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாத்திரம் தேய்க்கிறாள். இசை என்றால் அவளுக்கு என்னவென்றே தெரியாது. உங்கள் குடும்பத்துக்கே அந்த வாடை கிடையாது, உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எனக்கு இந்த ஆணி வேண்டும். பெரிய ஆசையெல்லாம் இல்லை, நான் வீணாகக் காலம் கழிக்கவில்லை என்று ஒரு சுவராவது சொல்ல வேண்டும். நீ பாட்டை நிறுத்தாவிட்டால் இனி இந்த வாசற்படி மிதிக்காதே.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். நீ மட்டும் அதில் சேர்த்தியில்லை.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் முணுமுணுப்பார் வந்துவிட்டார். வாசலிலேயே நின்று, "சார், உள்ள உங்க இசையோட மூணாம் பாகம் போயிட்டிருக்கே" என்றார். போய்ப் பார்த்தால் உன் அக்கா. ஒரு சுரம் பிசகவில்லை. அந்த நீண்ட மௌனத்தில்கூடச் சும்மா இருந்தாள், குழாயையும் மூடிவிட்டு! "எப்பலேருந்து?" என்றேன். "நீங்க எழுத ஆரம்பிச்சதுலேருந்து. ஒரே வீட்ல இருந்துக்கிட்டு வேற எதைக் கேக்குறதாம்?" என்றாள். உறவினர் செல்லாது என்று முணுமுணுப்பார் உதட்டைப் பிதுக்கினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "அப்ப ஒரு வாரத்துக்கு நான் இவருக்கு யாரும் இல்ல. தம்பி வீட்ல இருப்பேன், அங்க வந்து கேட்டுக்கோங்க" என்று பெட்டியைத் தூக்கிவிட்டாள். விதிப்படி அது செல்லுமாம். ஆணி எனக்குத்தான்!

அவள் போனதும் உட்கார்ந்து பார்த்தேன். வீட்டில் ஒரு சத்தம் இல்லை. என்னால் முடியவில்லையப்பா. தீயணைப்புக் கருவியையே மாட்டிக்கொள்ளுங்கள் என்று முணுமுணுப்பாரிடம் சொல்லிவிட்டேன். அக்காவைப் பெட்டியைத் திறக்க விடாதே. வீட்டுக்கு வந்து எதை வேண்டுமானாலும் பாடட்டும், உன் சாவியாகவே இருந்தாலும் பரவாயில்லை. தபாலில் போட்டால் நாளாகும் என்று இந்தக் கடிதத்தை நானே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். கதவைத் திற.