பச்சைத் தண்ணி

எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதைச் சொல்ல இன்றைக்கு வெட்கமில்லை. அன்றைக்கு இருந்தது, அதனால் வந்த வினைதான் இது.

என் மனைவி வசந்தியின் பெரியப்பா அஜக்ஸில் மோசம்போனார். தகப்பனில்லாத பிள்ளையை வளர்த்து, கனடாவுக்குக் கூப்பிட்டு, எனக்குக் கட்டிக்கொடுத்த மனிசன் (மாப்பிள்ளையை இன்னும் கொஞ்சம் விசாரித்திருக்கலாம்). செத்தவீட்டில் பதினொரு மணிக்குப் பெட்டியை மூடிவிடுவார்கள். நாங்கள் இருக்கிற வோபர்னிலிருந்து அரை மணித்தியால ஓட்டம். பத்து மணிக்கே காரடிக்கு வந்துவிட்டோம்.

"உந்த ரேடியேட்டர் ஹோஸ் எல்லாம் பழசு. எஞ்சின் ஆறியிருக்கேக்க அமத்திப் பாருங்கோ" என்று மெக்கானிக் அண்ணை முந்தியே சொல்லியிருந்தார். ரப்பர் பொதபொதத்தாலும் கூடாது, வெடிப்பு விட்டிருந்தாலும் கூடாது. நான் காரின் முன்மூடியை, அதுதான் பொனற்றை, திறந்து, மேல் ஹோஸை மட்டும் கடையில் மாம்பழம் பார்ப்பவனைப் போல ஒருதரம் அமத்தினேன். கீழ் ஹோஸுக்குக் கை விட்டால் வெள்ளைச் சேட் ஊத்தையாகிவிடும். அதனால் விடவில்லை.

வசந்தி குனிந்து பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, காருக்குக் கீழ பச்சைத் தண்ணி நிக்குது."

"பச்சைத் தண்ணிதானே? நேற்றுப் போட்ட ஏசின்ர தண்ணி. நீர் காரில ஏறும்."

எங்கள் பேச்சில் பச்சைத் தண்ணி என்றால் வெறும் தண்ணீர். அவள் சொன்னதோ நிறத்தை. எஞ்சினை ஆற்றுகிற கூலன்ற் பச்சை என்று எனக்கும் தெரியும். குனிந்து பார்க்கத்தான் பஞ்சிப்பட்டேன்.

401 நெடுஞ்சாலையில் பாதி வழியில் சூடு காட்டும் ஊசி மேலே ஏறியது. பிறகு புகை. கீழ் ஹோஸ் வெடித்துவிட்டது. காரைக் கரையில் நிற்பாட்டிவிட்டு, ஒன்றும் தெரியாத நான் பொனற்றைத் திறந்து மிகுந்த அறிவோடு உள்ளே பார்த்தேன். இழுவை வண்டி வர ஒரு மணித்தியாலம் செல்லும் என்றார்கள்.

பெரியப்பாவின் மகள், வசந்திக்கு அக்கா, போன் எடுத்தா.

"எங்க நிக்கிறியள்? ஐயர் அவசரப்படுத்துறார்."

நான்தான் கார் நின்ற கதையைச் சொன்னேன். அக்கா வீடியோவில் பெரியப்பாவின் முகத்தைக் காட்டினா.

"வெயிலுக்கு ஒண்டும் தெரியேல்லை" என்று வசந்தி அழுதாள்.

ஊத்தையாகாமல் காப்பாற்றிய அந்தச் சேட்டைக் கழற்றிப் போனுக்கு நிழல் பிடித்தேன். லொறிகள் ஹோர்ன் அடித்துப் போயின. முகம் தெரிந்தது. பிறகு மூடிவிட்டார்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குள் கதை பரவிவிட்டது. இப்போதும் யார் வீட்டுக்குப் போனாலும், "தம்பிக்கு வெறும் தண்ணியோ, பச்சைத் தண்ணியோ?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

வசந்தி சிரிப்பதில்லை. நான் சாவியை எடுத்தால், அவள் முதலில் போய்க் குனிந்து காருக்குக் கீழே பார்க்கிறாள். என்ன கண்டாள் என்று என்னிடம் சொல்வதில்லை. மெக்கானிக் அண்ணைக்குத்தான் போன் எடுக்கிறாள்.