கை நிறைய அட்சதை

சொந்தத் தொழிலுக்கு லாயக்கில்லாத ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். யாருக்கு அந்த லாயக்கு இருக்கிறது என்று கேட்டால் முதலில் கை தூக்குவான். தொண்ணூறுகளின் கடைசியில், உத்திரமேரூரில் நடந்த ஒரு சுயதொழில் வழிகாட்டி முகாமில் நான் தூக்கினேன். (இரண்டு கையையும் தூக்கியிருப்பேன். ஒன்றில் அவர்கள் கொடுத்த டீ இருந்தது.)

அப்போது நான் ஊரில் ஒரு பாயின் ரைஸ்மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எழுதினேன் என்பது மரியாதைக்கு. ஜன்னல் வெயிலில் தவிடு பொன்தூசியாக எழும். நான் பேனாவை மூடிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். இப்படிப்பட்டவன் உட்கார வேண்டிய இடம் அந்த மில் ஸ்டூல் இல்லை, வானத்துக்குக் கீழே வேறெங்கோ என்று எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது. எங்கே என்பதுதான் தெரியவில்லை.

முகாமில் பேச வந்தவர், தொழிலுக்கு நாங்கள் பொருத்தமா என்று பார்க்கச் சில கேள்விகள் கேட்டார். சுயமாக முடிவெடுப்பீர்களா? எடுப்பேன். (எடுத்து அக்காவிடம் சொல்வேன். அவள் வேண்டாம் என்றால் மாற்றிக்கொள்வேன். மாற்றுவதும் என் முடிவுதானே.) நஷ்டத்தைத் தாங்குவீர்களா? நைனாவின் நஷ்டமாக இருந்தால் தாராளமாக. கடைசியாகக் கேட்டார்: "ஊரே ஒரு பக்கம் போனாலும் உங்க வேலைய விட்டு நகராம நிப்பீங்களா?"

"நிப்பேன் சார்." கவிதை எழுதுகிறவன் வேறென்ன சொல்வான்? ஊரோடு ஒட்டாமல் நிற்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தொழில்.

மறுநாளே பாயிடம் போய், போட்டோ ஸ்டுடியோ வைக்கப்போவதாகச் சொன்னேன். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"நல்ல விஷயம்பா. போய்ட்டு வா. உன் ஸ்டூல யாருக்கும் குடுக்க மாட்டேன்."

வாழ்த்து என்று நினைத்து அவர் கையைக் குலுக்கினேன்.

காமிரா வாங்க நைனா ஒரு காளையை விற்றார். "மாட்டப் பல்லப் பாத்து வாங்குவேன். இதுல இன்னாத்தடா பாக்கறது?" என்று காமிராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் பரிதாபமாகச் சிரித்தேன். கலை தெரியாத மனிதர்.

முதல் ஆர்டர் தென்னேரியில், சித்தி மகள் செல்வியின் கல்யாணம். செல்வியின் அண்ணன் சங்கர் மஸ்கட்டில் வேலை செய்தான். கல்யாணச் செலவு அவனுடையது. லீவு மட்டும் கிடைக்கவில்லை. "நம்ம பாபுவே கீறான், வீடியோ எதுக்கு?" என்று சித்தி சொல்லிவிட்டாள். (பாபு நான்தான்.) முந்தின நாள் போனில் சங்கர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"மத்தது எது வரலன்னாலும் பரவால்லடா. தாலி கட்றத மட்டும் வுட்றாத. நான் பாக்கணும்."

"அதப் போயி வுடுவனா?" என்றேன்.

விடிகாலை முகூர்த்தம். ஏரிக்காற்று பந்தல் கீற்றுக்கு வகிடெடுத்துக்கொண்டிருந்தது. வாழைப்பூவின் நுனியில் ஒரு பனித்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்தது. எடுத்தேன். ஆரத்தித் தட்டில் சிவப்பாக நடுங்கிய வெளிச்சத்தை எடுத்தேன். மணப்பெண்ணை அழைத்து வந்தபோது அவள் கொலுசின் நிழலை எடுத்தேன். மாப்பிள்ளையின் அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "தம்பி, என்னையும் ஒண்ணு எடுப்பா" என்று விறைப்பாக நின்றார். அவர் காலடியில் கவிழ்ந்து கிடந்த பூக்கூடை அவரைவிட ஆழமாக இருந்ததால் அதை எடுத்தேன்.

முகூர்த்தம் நெருங்கியதும் மேடைக்கு எதிரில் தயாராக நின்றேன். அப்போது அட்சதைத் தட்டோடு அக்கா வந்தாள்.

"இந்தா, புடி."

"கையில காமிரா கீது, தெரில?"

"அது கயித்துலதான் தொங்கிக்கினு கீதே. தங்கச்சி கல்யாணத்துல அட்சத போடாம நிப்பியா? புடிடா."

பிடித்தேன். (சுயமாக முடிவெடுப்பவன்.)

ஐயர் விரலை ஆட்டினார். "கெட்டிமேளம், கெட்டிமேளம்." தவிலும் நாதஸ்வரமும் ஒன்றாக இடிந்து விழுந்தன. அந்தச் சத்தம் கேட்டால் நம் உடம்பு யாரையும் அனுமதி கேட்பதில்லை. எனக்குக் கண் நிறைந்தது. ஊரே அட்சதை போட்டது. நானும் போட்டேன். குறிபார்த்து, செல்வியின் உச்சந்தலையில் விழும்படி, மனதார. அன்று நான் பிசகில்லாமல் செய்த ஒரே காரியம் அதுதான்.

மேளம் தணிந்த பிறகுதான் கழுத்தில் ஏதோ கனப்பது தெரிந்தது. காமிரா. அதற்குள் மூன்றாவது முடிச்சையும் நாத்தனார் போட்டு முடித்திருந்தாள்.

பந்தி முடியும்வரை காத்திருந்தேன். பிறகு மாப்பிள்ளையிடம் போனேன். "மாப்ள, கட்ற மாதிரி ஒரு வாட்டி கைய வச்சிக்கினு நின்னா போதும்."

அவர் அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்டது. "இன்னாது? இன்னொரு வாட்டியா? ஒருத்திக்கு எத்தினி வாட்டிப்பா தாலி கட்டுவாங்க உங்க வூட்ல?"

சித்தி திட்டவில்லை. "சங்கரு உன்ன இன்னாடா கேட்டான்?" என்றாள், அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

செல்விதான் எழுந்தாள். "கட்ட வாணாம் அத்த. கைய மட்டும் வச்சிக்கட்டும். அண்ணன் பாக்கணும்." மறுபடி மணையில் போய் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை அவள் கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனார். அக்கா எனக்குப் பின்னாலிருந்து, "டேய், இப்பயும் அட்சத போட்றாத" என்றாள். பந்தலே சிரித்தது. அந்த நொடியில் எடுத்தேன்.

படம் மஸ்கட் போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது.

"டேய், தாலி கட்டும்போதே பின்னால நிக்கிறவங்க கையிலலாம் தாம்பூலப் பை கீதே? மாப்ள வாயி வேற வெத்தல போட்டு செவந்து கீது."

சொன்னேன், எல்லாவற்றையும்.

"செல்வி ஏன்டா சிரிக்கிறா?"

"என்னப் பாத்துதான்."

"சரி வுடு. அப்ப எடுத்திருந்தா தல குனிஞ்சிக்கினு இருந்திருப்பா, மூஞ்சி தெரிஞ்சிருக்காது." அதற்கு மேல் என் முதல் ஆர்டரைப் பற்றி யாரும் பாராட்டிப் பேசவில்லை.

திங்கட்கிழமை மில்லுக்குப் போனேன். என் ஸ்டூலில் தூசிகூட இல்லை. "நாஷ்டா ஆச்சா?" என்றார் பாய்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும், கெட்டிமேளத்துக்கு முன்னால் யாராவது குரல் கொடுப்பார்கள்: "பாபுக்கு அட்சத குடுத்தாச்சா?" ஆரம்பித்துவைத்தவன் சங்கர். ஊருக்குத் திரும்பி அவன் கல்யாணம் செய்துகொண்டபோது படம் எடுக்கக் காஞ்சிபுரத்திலிருந்து ஆள் வந்திருந்தார். ஐயர் விரலை ஆட்டிவிட்டார், மேளம் கொட்டுகிறது, மாப்பிள்ளை கட்டவில்லை. தாலியை இரண்டு கையிலும் பிடித்தபடி கூட்டத்தில் என்னைத் தேடிக்கொண்டிருந்தான். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். உள்ளங்கை நிறைய அட்சதை, கழுத்தில் ஒன்றுமில்லை.

அதைப் பார்த்த பிறகுதான் குனிந்தான்.