மூணு ஃபைல் வச்சிருக்கிற மாப்பிள்ளை

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு, இங்கு நான், உங்கள் தங்கச்சி, உங்கள் மருமகள் எல்லோரும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். இருந்தால்தான் இதைப் படித்துவிட்டு எனக்குப் பதில் சொல்ல முடியும்.

விஷயம் என்னன்னா, நீங்க கொண்டுவந்த மாப்பிள்ளை. ஆஸ்பத்திரியில டேட்டாபேஸ் பாக்குறார்னு சொன்னீங்க. அது என்னான்னே தெரியாம பொண்ணைக் குடுக்க முடியுமா, அதான் நேர்லயே போயிட்டேன். பஸ்ஸுல பக்கத்துல பல்வலிக்காரர் ஒருத்தர் வந்தார், அது பெரிய கதை, அப்புறம் சொல்றேன். மாப்பிள்ளை மரியாதையா மிஷின் ரூம்ல உக்கார வச்சார். என்ன வேலைன்னு கேட்டேன். "நோயாளி விவரத்துல எது மாறினாலும் மிஷின் முதல்ல ரீடூ லாக்னு ஒரு குறிப்பேட்டுல எழுதிக்கும் மாமா, அப்புறம்தான் அதோட இடத்துக்குப் போகும்"னார். அது மூணு ஃபைலாம். ஒண்ணு நிரம்பினா அடுத்தது. மூணும் நிரம்பினா முதல் ஃபைல் மேலேயே திரும்ப எழுதுமாம். எழுதினதை அழிக்கிறவர் எதை மறைக்கிறார் மச்சான்? கேட்டா, "அழியுறதுக்குள்ள நகல் எடுத்து வேற இடத்துல வச்சிடுவோம்"ங்கிறார். அதுபோக ஒவ்வொண்ணுக்கும் இன்னொரு டிஸ்க்குல ஒரு ஜோடி வேற. ஒரே விஷயத்தை இத்தனை இடத்துல வைக்கிறவர், குடும்பத்தையும் இன்னொரு ஊர்ல வச்சிருந்தா?

அவர் தண்ணி கொண்டுவரப் போனார். உங்களுக்குப் போன் பண்ணலாம்னா சார்ஜ் இல்ல. சுவத்துல இருந்த ஒரு ஒயரைப் பிடுங்கிட்டு என் சார்ஜரைச் சொருகினேன். உர்ருனு ஓடிக்கிட்டிருந்த பெட்டி கப்சிப். நர்ஸம்மா ஓடி வந்தாங்க. "ஆபரேஷன் பேஷண்ட்டோட ரத்த வகையை இப்பத்தான் கம்ப்யூட்டர்ல ஏத்தினேன், போச்சா?"ன்னாங்க. மாப்பிள்ளை சார்ஜரைப் பாத்தார், என்னைப் பாத்தார். ஒரு ஒயரைப் பிடுங்கினா நின்னுபோற உத்தியோகம் என்ன உத்தியோகம்? இந்தச் சம்பந்தம் வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உடம்பைப் பாத்துக்குங்க.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி வீட்டுக்காரர்

பின்குறிப்பு: இதைப் படிச்சிட்டு உங்க தங்கச்சி, "மிச்சத்தையும் எழுதுங்க"ன்னு பக்கத்துலயே நிக்கிறா. மாப்பிள்ளை ஒயரைத் திரும்ப மாட்டினதும் பெட்டி அந்த ரீடூ லாக்கைத்தான் முதல்ல படிச்சுது. நர்ஸம்மா கடைசியா ஏத்தின ரத்த வகை வரைக்கும் அப்படியே வந்துடுச்சு. பெரிய டாக்டர் வந்து யாரு பண்ணினதுன்னு கேட்டார். "ஒயர் லூசா இருந்துச்சு சார், சரி பண்ணிட்டேன்"னு மாப்பிள்ளை சொல்லிட்டு என் சார்ஜரைச் சுருட்டி என் பையிலேயே வச்சார். அதனால தேதியைக் குறிச்சிருங்க. ஆனா முகம் கொஞ்சங்கூட மாறாம பொய் சொன்னாரு பாருங்க, அதை மட்டும் ஒரு வார்த்தை விசாரிச்சுச் சொல்லுங்க.