நம்பிக்கையில்லாத எலிகள்

மருந்தைச் சோதித்த அறிஞர்கள் உலகில் ஆயிரம் உண்டு. மருந்து குடித்த எலிகளின் மனத்தையே சோதித்த பெருமை மெக்னெஸ் நகரத்து 'மூலிகைப் பாதுகாப்பு உயர்மட்டக் குழு'வுக்கு மட்டுமே உரியது. அந்த மாமன்றத்தில் இடம்பெறும் பாக்கியம் டாக்டர் கிஸ்லானுக்கும் வாய்த்திருந்தது.

சோதனைக்கு வந்தது மலை முட்செடியின் வேர்ச்சாறு. ஈரலுக்கு நல்லது என்று ஊரெல்லாம் பேச்சு. கிஸ்லானின் தங்கை துரியாவுக்கு ஈரலில்தான் கோளாறு. புட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, அக்காவின் குழு வாய் திறக்கட்டும் என்று திறக்காமல் காத்திருந்தாள்.

"எலிங்க அத்தனையும் செத்துப்போச்சுங்க," என்றாள் கிஸ்லான். "எல்லாத்துக்கும் ஈரல்தான் போயிருக்கு."

தலைவர் ஹாஜி அப்துல்வாஹித் புதினாத் தேநீரை ஒரு வாய் உறிஞ்சினார். "எந்த நிய்யத்தோட, மனசுல என்ன எண்ணத்தோட குடிச்சுதுங்க?"

"எலிங்களா?"

"பின்னே? மனசுல நம்பிக்கை வச்சுக் குடிச்சாத்தாம்மா மூலிகை கேக்கும். எலிக்கு ஏது நிய்யத்து? தாகத்துக்குக் குடிச்சிருக்கும்."

இக்கண்டுபிடிப்பின் ஆழத்தைக் குழு கூட்டக் குறிப்பில் பதிந்துகொண்டது. எலிகள் மீது இரண்டு உறுப்பினர்கள் வருத்தம் தெரிவித்தார்கள்.

கிஸ்லானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோப்பையில் சாற்றை ஊற்றித் தலைவர் முன்னால் வைத்தாள். "உங்க நிய்யத்து ஊரறிஞ்சது, ஹாஜி. நீங்க குடிங்க."

"வல்லாஹி, ஆண்டவன் மேல ஆணையா, வயசுல மூத்தவர் தய்யிப் ஐயா இருக்கறப்போ நான் முந்துறதா?"

"மக்காவுக்குப் போய் வந்தவர் நீங்க இருக்கீங்களே," என்று தய்யிப் கோப்பையைத் திருப்பித் தள்ளினார்.

அடுத்தவரைக் கௌரவிப்பதில் யாரும் பின்வாங்கவில்லை. கோப்பை மேசையை ஒரு சுற்று சுற்றி, ஒரு சொட்டும் குறையாமல் கிஸ்லானிடமே திரும்பி வந்தது. பிறகு எல்லாரும் தேநீர் குடித்தார்கள்.

தீர்மானம் முன்கூட்டியே அச்சாகி வந்திருந்தது. 'சாறு முற்றிலும் பாதுகாப்பானது. நம்பிக்கையோடு அருந்தவும். தீங்கு நேரின் அருந்தியவரின் நம்பிக்கைக் குறைவே காரணம்.' கிஸ்லான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்தாள்.

"போடலேன்னா போகுதும்மா," என்றார் தலைவர் பெருந்தன்மையோடு. "காலையிலேயே ரேடியோவுல உன் பேரோட சேத்துப் படிச்சாச்சு. பொம்பளப் புள்ளைய விட்டுட்டாங்கன்னு ஒரு சொல் வரக் கூடாதில்ல?"

கிஸ்லான் நடைக்கு ஓடிப்போய்த் தங்கையைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "துரியா, அந்தப் புட்டியத் தொடாதே."

"உன் பேரச் சொன்னாங்களேக்கா." தங்கையின் குரலில் அத்தனை நிம்மதி. "நம்பிக்கையோட குடிக்கணும்னாங்க. உன்னை நெனச்சுக்கிட்டுத்தான் குடிச்சேன்."