தொளதொளக் காற்சட்டையைப் பிடித்துத் தைத்த படலம்

அளவுநாடாவே மாலையாய் அணிந்த தோளினரும், கத்தரிக்கோல் பிடித்துக் காய்த்த விரலினரும், எதிரே வருபவரின் இடுப்புச் சுற்றளவை அரைப்பார்வையில் அங்குலம் பிசகாமல் சொல்லவல்ல கூர்விழியினரும், உலகில் எங்கே எவருடைய சட்டை தொளதொளவென்று தொங்கினாலும் உள்ளம் வெதும்பும் நேர்த்திப் பேரரசருமாகிய தையற்காரர் வாழி! அவர் தையல் இயந்திரம் வாழி! முப்பதாண்டுகளாக அதை மிதித்து மிதித்தே மனைவி மக்களுக்குச் சோறு போட்ட அவருடைய இரு கால்களும் வாழி, வாழி! அக்கால்களுக்கு ஒரு முற்பகலில் வந்த கண்டத்தையே பாடப் புகுகிறோம். சொல் தடுக்காமல், நூல் அறாமல், தமிழே, நீ கூடவே இரு.

முதல்நாள் வீசிய சூறைக்காற்றில், நாற்பதாண்டுகள் ஒருவர் வம்புக்கும் போகாமல் தெருவோரம் நின்ற பெருமரம் வேரோடு சாய்ந்து, விருந்துக்கு வந்து கிளம்ப மனமில்லாத உறவினரைப் போல, தையற்கடைக் கதவின் குறுக்கே நீட்டிப் படுத்துவிட்டது. கடைக்குள்ளேயோ, மறுநாள் திறக்கவிருந்த பள்ளிக்கூடத்தின் நாற்பத்திரண்டு சீருடைகள் தேய்த்து மடித்துச் சிறையிருந்தன. மரம் அறுப்பதையே தொழிலாகக் கொண்ட மச்சினன், அதாவது தையற்காரரின் மனைவிக்குத் தம்பி, அன்று ஊரெங்கும் மரங்கள் விழுந்ததால் ஊரெங்கும் தேடப்பட்டான். ஆகவே தன்னிடமிருந்த இன்னொரு சங்கிலி ரம்பத்தையும் ஒரு பெரிய பையையும் அக்காள் வீட்டில் இறக்கிவிட்டு ஓடினான்.

"மாமா, போன வருஷம் என்கூட வந்து பழகினீங்களே, அந்த மாதிரி சின்னக் கிளையா பாத்து அறுங்க. அடிமரத்த நான் வந்து பாத்துக்கறேன். ஆனா பையில இருக்கறது அத்தனையும் போட்டுக்கிட்டுத்தான் மெஷின்ல கை வைக்கணும். சொல்லிட்டேன்."

கவசம் பூணும் சடங்கு தொடங்கிற்று. சிரத்தில் செம்மஞ்சள் தலைக்கவசம் ஏறியது. அதன் முன்னே கண்ணையும் முகத்தையும் காக்கும் கம்பிவலை தாழ்ந்தது. இருபுறமும் இடியோசைக்கும் அசையாத செவிமூடிகள் அமர்ந்தன. கைகள் தடித்த உறைக்குள்ளும் பாதங்கள் இரும்புமுனைக் காலணிக்குள்ளும் புகுந்தன. இதுவரை வீரர் சிணுங்கவில்லை. கடைசியாகப் பையிலிருந்து வெளிப்பட்டது ஒரு காற்சட்டை. அதன் ஒரு காலுக்குள் ஒரு சிறு குடும்பமே குடித்தனம் நடத்தலாம்.

"பிறர் உடலுக்குப் பொருந்தப் பொருந்தத் தைத்த யாம், எம் உடலுக்குப் பொருந்தாத இச்சாக்குப்பைக்குள் புகுந்து நடுத்தெருவில் நிற்பதோ? நின்றால், நாளை எவன் எம்மை நம்பி அளவு கொடுப்பான்? இதோ, இதன் தொளதொளப்பை வேரறுப்போம்!" என்று கண்ணாடி முன் நின்று முழங்கினார். அந்த நேரத்தில் அவர் மனைவி கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

பூண்ட கவசத்தையெல்லாம் கழற்றி வைத்து, வீட்டிலிருந்த தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து வலக்காலின் தையலைப் பிரித்தார். உள்ளே அடுக்கடுக்காக, பஞ்சு போலவும் நூல் போலவும் வெள்ளை வெளேரென்று நீள நீள இழைகள். "தைக்கத் தெரியாத தடியன் எவனோ மிச்ச நூலை எல்லாம் உள்ளே அடைத்து மூடியிருக்கிறான்" என்று தொழில்தர்மம் கொதிக்க, அவ்வளவையும் உருவித் தரையில் எறிந்தார். பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் உள்ளே பிடித்துத் தைத்தார். வலக்கால் வாள் உறை போல வடிவு கொண்டது. இடக்காலில் கை வைக்கப்போன வேளையில் சீருடைகளை ஏற்றிப்போக வாசலில் பள்ளிக்கூடத்து வேன் வந்து ஹாரன் அடித்தது. வேறு வழியின்றி அதை அப்படியே மாட்டி, மற்றக் கவசங்களையும் மீண்டும் பூண்டு, ரம்பத்தைத் தூக்கிப் புறப்பட்டார்.

"என்னண்ணே, ஒரு காலு ஒல்லியா, ஒரு காலு குண்டா இருக்கு?" என்றார் எதிர்க்கடை முடிதிருத்துநர். வீரர் செவிமூடியை இன்னும் நன்றாக அழுத்திக்கொண்டார்.

ரம்பம் உறுமிற்று. முதற்கிளை வீழ்ந்தது. இரண்டாங்கிளை வீழ்ந்தது. மரத்தூள் மழையெனப் பொழிய, வேன் ஓட்டுநர் வாய்பிளக்க, படையறுத்துப் பாதை காணும் தளபதியாய் அவர் மூன்றாங்கிளையில் முனைந்திருந்தபோது, வீட்டுக்குள் மனைவி தரையில் கிடந்த நூற்குவியலைப் பார்த்துத் தம்பியைக் கைபேசியில் கூப்பிட்டிருந்தாள்.

"ஐயோ அக்கா, அந்த நூலுதான் காலக் காப்பாத்தறதே! சங்கிலி பட்டா அதுல சிக்கி நின்னுரும். ஓடு, மாமாவ நிறுத்து!"

அவள் ஓடினாள். இரு கைகளையும் ஆட்டி, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு தெருவில் ஓடிவந்தாள். செவிகள் மூடிய வீரரோ, கட்டிய மனைவியே தம் வெற்றியைக் கண்டு கொண்டாட வருகிறாள் என்று பூரித்து, நெஞ்சு நிமிர்த்தி அவளைப் பார்த்தார். பார்த்த அந்த ஒரு கணத்தில் கிளை அறுந்தது. தாங்க ஒன்றுமின்றி ரம்பம் சரேலென்று இறங்கி அவர் இடத்தொடையில் பாய்ந்தது.

வெண்ணிழைகள் பீறிட்டன. ஓடிய சங்கிலியைச் சுற்றின, பின்னின, பல்லுக்குப் பல் புகுந்து இறுக்கின. கண் இமைக்கும் நேரத்துக்குள் இயந்திரம் விக்கி நின்றது.

குனிந்து பார்த்தார். ஒரு சாண் கிழிசல். விலக்கிப் பார்த்தால் தோலில் ஒரு கீறல்கூட இல்லை. பிறகு அவர் கை தானாகவே தாம் பிடித்துத் தைத்த அழகான வலக்காலுக்குப் போனது. ஒற்றைத் துணிக்கு அடியில் தொடை சூடாக, மெத்தென்று இருந்தது. அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது. அப்படியே அடிமரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

எண்டிசைக் காவலரே, சொல்லுங்கள்! இரு காலும் ஒன்றாய்ப் பிரிக்கக் காத்திருந்த அந்தக் கத்தரிக்கோலை வலப்பக்கம் திருப்பிய பேரருள் எது? முன்னோர் தவமா? மூவுலகும் ஆளும் விதியா? முப்பதாண்டுத் தொழில் அளித்த மெய்யுணர்வா? மூச்சிரைக்க வந்து நின்ற மனைவியும், அழுகையும் ஆத்திரமுமாக, அதையேதான் கேட்டாள்: "பாவி மனுஷா, அந்த வலது கால மொதல்ல எடுக்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணிச்சு?"

"அதுதான் மேல கிடந்துச்சு" என்றார்.