மச்சானுக்காக வந்த எலி

என் வீட்டில் எலி கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக்கில் பத்தாவது மாடி. எலி வரவேண்டுமென்றால் அதற்கு லிஃப்ட் பொத்தானை அமுக்கத் தெரிந்திருக்க வேண்டும். இருந்தாலும் ஓர் எலியைக் கொண்டுவந்தே தீருவதென்று முடிவெடுத்தேன். காரணம், என் மச்சான் ராமலிங்கம்.

மச்சான் என்றால் மனைவி மங்களத்தின் அண்ணன். தன் வீட்டில் ரெனவேஷன் நடக்கிறது, ரெண்டே வாரம் என்று சொல்லிப் பெட்டியோடு வந்தார். ரெனவேஷன் எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது டிவி ரிமோட் அவர் கையில். சாம்பாரில் இருக்கிற முருங்கைக்காய் முழுவதும் அவர் தட்டில்.

ஆள் ஆறடி. சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பெட்டிகளை ஒற்றை ஆளாகத் தள்ளுகிறவர். ஆனால் எலி என்றால் நாற்காலிமேல் ஏறிவிடுவார். எனக்கு அது போதும்.

தேக்கா சந்தையில் கருஞ்சீரகம் வாங்கிவந்து அடுப்போரம் தூவினேன். பார்த்தால் அசல் எலிப் புழுக்கை. ரொட்டியின் மூலையை நகவெட்டியால் கொறித்து வைத்தேன். பிறகு தொண்டை கிழியக் கத்தினேன்.

"எலி! எலி!"

மச்சான் சோபாவின் உச்சியில் நின்றார்.

"எங்க மாப்பிள்ளை? பெருசா?"

"பூனை சைஸ் மச்சான்! குடும்பத்தோட வந்திருக்கு போல."

"அப்ப நான் இன்னைக்கே என் வீட்டுக்குப் போயிடறேன் லா."

தேன் வந்து பாய்ந்தது காதில். அவர் பெட்டியை நானே தூக்கிக் கதவருகே வைத்தேன்.

மங்களம் அறையிலிருந்து வந்து அடுப்போரம் குனிந்தாள். ஒரு 'புழுக்கை'யைக் கூச்சமே இல்லாமல் விரலால் எடுத்தாள். அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, பெட்டியை உள்ள வைங்க. எலிக்குப் பயந்து ஓடுவாங்களா? எங்க ரூம்ல படுங்க. கதவுக்குக் கீழ கேப் இல்ல, எலி வராது. நான் வர்ஷாகூடப் படுத்துக்கறேன்."

வர்ஷா எங்கள் மகள்.

"அப்ப நான்?"

"ஹால்ல. எலியைப் புடிக்க ஆம்பளை ஒருத்தர் வேணும்ல?"

"விஷம் வச்சா ஒரே ராத்திரியில முடிஞ்சிடும், மங்களம்."

"பிள்ளையாரோட வாகனத்துக்கு விஷமா? வாயைக் கழுவுங்க! கூண்டு வச்சு உயிரோட புடிக்கணும். புடிச்சுக் காட்டினா உங்க கட்டில் உங்களுக்கு."

பிள்ளையார் இங்கே வந்தால் எம்.ஆர்.டி. ரயிலில் போகலாமே என்று சொல்ல நினைத்தேன்.

மங்களத்தின் உத்தரவில் இல்லாத எலிக்கு எதிராகப் போர் தொடங்கியது. சிங்குக்குக் கீழே குழாய் நுழைகிற ஓட்டையில் இரும்பு நாரைத் திணித்துச் சிமெண்ட் பூசினேன். அரிசியை மூட்டையிலிருந்து மூடிபோட்ட டப்பாவுக்கு மாற்றினேன். எலி பழைய பேப்பரில்தான் கூடு கட்டுமாம். நான் ஆசையாகச் சேர்த்த பேப்பரெல்லாம் போயின. அட்டைப்பெட்டியிலும் கட்டுமாம், அவையும் போயின. அவள் சொல்லி நான் தட்டிக்கழித்த வேலைகளெல்லாம் அந்த எலிக்குத் தெரிந்திருந்தன. கூண்டில் வைத்த வடை மட்டும் தினமும் அப்படியே இருந்தது. என் கட்டிலில் மச்சான் விட்ட குறட்டை ஹால்வரை கேட்டது. என் இடுப்பு போயே போய்விட்டது.

வேறு வழியில்லை. எங்கள் பிளாக்குக்குக் கீழே அப்துல் அலீமின் செல்லப்பிராணிக் கடைக்குப் போனேன்.

"எலி இருக்கா தம்பி?"

"சுண்டெலியெல்லாம் வித்துப்போச்சுண்ணே. ஹாம்ஸ்டர் இருக்கு. எலிக்குப் பங்காளிதான் லா."

"இருக்கிறதுலயே அசிங்கமா, கோவக்காரனா ஒண்ணு குடு."

"பிள்ளைக்கா?"

"மச்சானுக்கு."

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. அவனுக்கும் ஒரு மச்சான் இருக்க வேண்டும்.

மங்களம் குளிக்கப்போன நேரம் பார்த்து அதைக் கூண்டுக்குள் விட்டேன். பொன்னிறம். உப்பிய கன்னம். வால் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. கூண்டைத் துண்டால் மூடி, "புடிச்சிட்டேன்!" என்று கத்திக்கொண்டே மச்சானின் மூக்குக்கு நேரே போய்த் துண்டை விலக்கினேன்.

மச்சான் நாற்காலிமேல் ஏறினார். அங்கிருந்தே எட்டிப் பார்த்தார். மெல்ல இறங்கினார்.

"இதுக்கா மாப்பிள்ளை இவ்ளோ நாள் பயந்தேன்? கன்னத்தைப் பாருங்க, குலோப்ஜாமூன் மாதிரி! இனிமே எனக்கு எலிப்பயமே இல்ல. எத்தனை மாசம்னாலும் இங்கயே தைரியமா இருப்பேன்!"

மச்சான் போகாவிட்டால் போகிறார், கட்டிலாவது மிஞ்சட்டும். தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குளித்துவிட்டு வந்த மங்களத்தின் முன் போய் நின்றேன்.

"புடிச்சாச்சு. கட்டிலைக் குடு."

அவள் கூண்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"வால் எங்கங்க?"

"கூண்டுக் கதவுல மாட்டிப் போயிருக்கும்."

"ஐயோ பாவம்" என்றாள். "ஆனா எலி தனியா வராதாமே, ஜோடியாத்தான் வருமாம். இன்னொண்ணையும் புடிச்சிட்டு வாங்க, கட்டிலைத் தர்றேன்."

"அது எங்க இருக்குன்னு எனக்கெப்படித் தெரியும்?"

"அப்துல் அலீம் கடையிலதான். மூடுறதுக்குள்ள போயிட்டு வாங்க."